குழந்தையின் ரத்தத்தில் தாயின் அணுக்கள்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்பு செய்யப்படும் திசுப் பொருத்தச் சோதனை ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஊசியில் எடுத்த ரத்தம் அந்த நோயாளியுடையது என்பதே அது. பெரியவர்கள் விஷயத்தில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால், நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறக்கும் கைக்குழந்தைகளில் கணிசமானோருக்கு இந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் தாயின் அணுக்கள் குடியேறியிருக்கின்றன. ஆய்வகம் குழந்தையைப் படிப்பதாக எண்ணிக்கொண்டு தாயைப் படித்துவிடக்கூடும்.

இது வேலூர், சென்னை ஆய்வகங்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய நுணுக்கம் என்று தோன்றலாம். அப்படியல்ல. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் செங்கம் போன்ற ஒரு தாலுகா ஊரின் மருத்துவமனையில் முதல் சில நாட்களில் என்ன செய்யப்பட்டது, என்ன செய்யாமல் விடப்பட்டது என்பதுதான் அந்த ஆய்வக முடிவைப் பாதி தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுவே.

பிறக்கும்போது தெரியாத நோய்

மருத்துவர்கள் 'ஸ்கிட்' என்று சுருக்கி அழைக்கும் இந்தக் குறைபாட்டில், நோய்த்தொற்றை எதிர்த்து நிற்கும் டி-அணுக்கள் உருவாவதே இல்லை. உருவானாலும் வேலை செய்வதில்லை. குழந்தை நல்ல எடையோடு, நல்ல நிறத்தோடு பிறக்கும். கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் காப்பாற்றும். இரண்டு மூன்று மாதம் ஆனதும் வாயில் மாறாத வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, மருந்துக்கு அடங்காத சளி, ஏறாத எடை என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். பிறந்த அன்று தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி சில குழந்தைகளுக்கு உடல் முழுதும் பரவும் நோயாகவே மாறிவிடும். சிகிச்சை இல்லையென்றால் ஓரிரு வயதைத் தாண்டுவது அரிது.

இதற்கு நிரந்தரத் தீர்வாகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பது ஒன்றுதான்: பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துச் செலுத்துவது. 1968-ல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ராபர்ட் குட் தலைமையிலான மருத்துவர்கள் ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அவன் சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். உலகின் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்றுகளில் ஒன்று அது. பொருத்தம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு பார்த்தது. ஹூஸ்டனில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனுக்கு அக்காவின் திசு பொருந்தவில்லை. பிளாஸ்டிக் கூண்டுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்தான். கடைசியில் பொருத்தம் குறைந்த மஜ்ஜையையே சுத்திகரித்துச் செலுத்தினார்கள். அதில் மறைந்திருந்த வைரஸ் புற்றாக மாறி 1984-ல் அவன் இறந்தான்.

அதற்குப் பிறகு மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மஜ்ஜை மாற்று பெற்ற 240 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, தொற்று முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். நோயும் மருந்தும் ஒன்றுதான். வித்தியாசம் நாட்களில் இருக்கிறது.

இந்தியாவின் கணக்கு வேறு மாதிரி. நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 277 குழந்தைகளின் விவரங்கள் இருந்தன. அறிகுறி தொடங்கிய சராசரி வயது இரண்டரை மாதம். நோய் கண்டறியப்பட்ட வயது ஐந்து மாதம். மஜ்ஜை மாற்று பெற்றவர்கள் 23 பேர் மட்டுமே. நான்கில் மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். கண்டறிவதற்கு இழந்த அந்த இரண்டரை மாதத்துக்குப் பிறகுதான் பொருத்தம் பார்க்கும் வேலையே தொடங்குகிறது. ஆகவே, அந்தச் சோதனையில் ஒரு பிழை, ஒரு மறுமாதிரி, ஒரு வாரத் தாமதம் என்பதன் விலை மற்ற நோயாளிகளைவிட இந்தக் குழந்தைகளுக்குப் பல மடங்கு அதிகம்.

வீட்டுக்காரரும் விருந்தாளியும்

திசுப் பொருத்தம் என்பது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களை ஒப்பிடுவது. 1958-ல் பிரான்சின் ஷான் தோசே முதன்முதலில் அடையாளம் கண்ட இந்த அமைப்பு, எது நம் உடல், எது அந்நியம் என்று அணுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முத்திரை. அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என இரண்டு தொகுதிகள் வருகின்றன. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

தொடக்க காலத்தில் இந்தச் சோதனையை உயிருள்ள லிம்போசைட் அணுக்களை (டி-அணுக்களும் இவற்றில் ஒரு வகையே) வைத்தே செய்தார்கள். அணுக்களோடு எதிர்ப்பொருளைச் சேர்த்து, எந்த அணு மடிகிறது என்று பார்ப்பார்கள். இருவர் அணுக்களையும் ஒன்றாக வளர்த்து, அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றனவா என்று கவனிப்பார்கள். இரண்டுமே ஸ்கிட் குழந்தையிடம் செல்லுபடியாகாதவை. லிம்போசைட்டே இல்லாத ரத்தத்தில் எதைச் சோதிப்பது? எதிர்க்கத் தெரியாத அணு எதிர்க்கவில்லை என்பதை எப்படிப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது? சில குழந்தைகளுக்கு எச்.எல்.ஏ. முத்திரையில் ஒரு வகை அணுவின் மேற்பரப்பிலேயே தோன்றாது. அவர்களுக்கு அந்த வகையைப் பழைய முறையில் படிக்கவே முடியாது.

டி.என்.ஏ.-வை நேரடியாகப் படிக்கும் முறைகள் வந்த பிறகு இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்தது. உயிருள்ள அணு தேவையில்லை, வேலை செய்யும் அணுவும் தேவையில்லை. ஆனால், டி.என்.ஏ. யாருடையது என்ற கேள்வி மட்டும் தீராமல் நின்றது.

கர்ப்ப காலத்தில் தாயின் அணுக்கள் சிறிதளவு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குள் போவது இயல்பு. ஆரோக்கியமான குழந்தையின் எதிர்ப்பு சக்தி அவற்றைக் கட்டுக்குள் வைத்துவிடும். எதிர்ப்பு சக்தியே இல்லாத குழந்தைக்குள் அவை தங்கிப் பெருகுகின்றன. ஜெர்மனியின் உல்ம் நகர மருத்துவர்கள் 121 ஸ்கிட் குழந்தைகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் 40 சதவீதத்தினரின் ரத்தத்தில் தாயின் டி-அணுக்கள் இருந்தன. வீட்டுக்காரரைத் தேடிப் போனவருக்கு விருந்தாளி வந்து பதில் சொல்வதுபோல, ஆய்வகத்தின் கேள்விக்குத் தாயின் அணுக்கள் பதில் சொல்கின்றன.

இதன் விளைவை எளிய கணக்கில் பார்க்கலாம். தந்தையின் இரு தொகுதிகளை க, ங என்றும் தாயின் தொகுதிகளை ச, ஞ என்றும் வைத்துக்கொள்வோம். குழந்தைக்குக் கிடைத்தவை க, ச. ரத்தத்தில் தாயின் அணுக்கள் கலந்திருந்தால் சோதனையில் க, ச, ஞ என்று மூன்று தெரியும். மனிதருக்கு மூன்று தொகுதிகள் இருக்க முடியாது என்பதால் ஆய்வகம் மாதிரி கெட்டுவிட்டதாக எண்ணி மறுமாதிரி கேட்கும். மறுமாதிரியிலும் அதே மூன்றுதான் வரும். லிம்போசைட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்திருந்தால் ச, ஞ என்று தாயின் தொகுதிகளே மேலோங்கலாம். அப்போது தாய் முழுப் பொருத்தம் என்றும், உண்மையிலேயே க, ச உடைய அண்ணன் பாதிப் பொருத்தம் என்றும் அறிக்கை சொல்லும். பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜை கிடைப்பது இந்த நோயில் ஆகப் பெரிய நல்வாய்ப்பு. முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில் அப்படிப் பெற்றவர்களில் 97 சதவீதத்தினர் பிழைத்தார்கள். அந்த வாய்ப்பு ஒரு காகிதப் பிழையால் கைநழுவிவிடும்.

இதைத் தவிர்க்க வழிகள் தெரியாதவை அல்ல. தாய், தந்தை இருவரையும் சேர்த்தே சோதித்தால் குழந்தைக்குத் தந்தையின் தொகுதி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம். குழந்தையின் நியூட்ரோபில் அணுக்கள் பெரும்பாலும் அதனுடையவையே என்பதால் அவற்றைப் பிரித்தெடுத்துப் படிக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கலாம். இதிலும் ஒரு கண்ணி உண்டு: தாய்ப்பாலில் தாயின் அணுக்கள் இருக்கின்றன. பால் குடித்த கையோடு எடுத்தால் வாயிலும் தாயே கிடைப்பாள். வாயைத் துடைத்துவிட்டு, இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் தோலிலிருந்து செல்களை வளர்த்துப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எச்.எல்.ஏ. அல்லாத வேறு மரபணு அடையாளங்களை வைத்து, இந்த மாதிரியில் ஒருவர் இருக்கிறாரா இருவர் இருக்கிறார்களா என்று சொல்லும் கலப்புச் சோதனை இருக்கிறது.

தாயின் அணுக்கள் இருப்பதைத் தெரிந்துகொள்வது அறிக்கையைத் திருத்துவதற்கு மட்டுமல்ல. பாதிப் பொருத்தத்தில் பெற்றோரில் ஒருவரிடம் மஜ்ஜை எடுக்க நேரும்போது, ஏற்கெனவே குடியேறிய தாயின் அணுக்கள் தந்தையின் அணுக்களைத் தாக்கி விரட்டக்கூடும். அதனால்தான் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தாயையே கொடையாளராகத் தேர்வுசெய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தத்தில் மணமும் ஒரு மறைமுகப் பொறியும்

மேலே சொன்ன கணக்கு தாயும் தந்தையும் உறவில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இங்கே நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தொடரும் இந்த வழக்கம் ஸ்கிட் நோய்க்கும் திசுப் பொருத்தத்துக்கும் மூன்று விதங்களில் தொடர்புடையது.

முதலாவது பலரும் அறிந்தது. பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுகிறது. முன்பு சொன்ன இந்திய ஆய்வில் மரபணு உறுதியான 162 குழந்தைகளில், தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் வகை 36 பேரிடம்தான் இருந்தது. மற்றவை இரு பெற்றோரிடமிருந்தும் வரும் வகைகள்.

இரண்டாவது, அதிகம் பேசப்படாத நன்மை. உறவுக்குள் மணந்தவர்களிடம் ஒரே எச்.எல்.ஏ. தொகுதி இருவருக்கும் பொதுவாக இருக்க வாய்ப்புண்டு. மரபுக் கணக்குப்படி மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்படி ஒரு தொகுதி பொதுவாக அமைந்தால் தாயோ தந்தையோகூட முழுப் பொருத்தமாக முடியும். சித்தப்பா, பெரியம்மா, மாமன் பிள்ளைகள் என்று தேடல் வட்டமும் விரிகிறது. மேலை நாடுகளில் உடன்பிறப்பு பொருந்தாவிட்டால் அடுத்துக் கொடையாளர் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். இங்கே பதிவேட்டுக்கு முன்பு உறவுமுறை விளக்கப்படத்தை வரைய வேண்டும்.

மூன்றாவதுதான் பொறி. தந்தை க, ங. தாய் க, ச என்று வைத்துக்கொள்வோம். க இருவருக்கும் பொது. குழந்தைக்கு இருவரிடமிருந்தும் க வந்துவிட்டது. அது க, க. இந்தக் குழந்தையின் ரத்தத்தில் தாயின் அணுக்கள் கலந்தால் சோதனையில் தெரிவது க, ச. மூன்றாவது தொகுதி என்ற எச்சரிக்கை இல்லை. தந்தையின் தொகுதி ஒன்று இருக்க வேண்டும் என்ற விதியும் நிறைவேறிவிட்டது. க தந்தையிடமும் இருக்கிறதே! தாயும் க, ச. ஆகவே 'தாய் முழுப் பொருத்தம்' என்று அறிக்கை வரும். உறவுத் திருமணம் என்பதால் அது நடக்கக்கூடியதுதான் என்று மருத்துவரும் நம்புவார். உண்மையில் க, க உடைய அக்கா வீட்டில் இருந்தால் அவள் பொருந்தாதவள் என்று ஒதுக்கப்படுவாள்.

வேறு சமூகங்களில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு காவல்களும் நம் குடும்பங்களில் ஒரே நேரத்தில் தூங்கிவிடுகின்றன. ஒரு தொகுதியின் சமிக்ஞை மற்றதைவிட மிக மெலிந்து தெரிகிறதா என்று கூர்ந்து பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது கலப்புச் சோதனை மட்டுமே. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்களை அப்படியே மொழிபெயர்த்து நம் மருத்துவமனைகளில் ஒட்டிவைப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. சொந்தத்தில் மணந்த பெற்றோரின் ஸ்கிட் குழந்தைக்கு, தாய் முழுப் பொருத்தம் என்று வந்தாலும், குழந்தைக்கு இரண்டும் ஒரே தொகுதி என்று வந்தாலும், கலப்புச் சோதனை இல்லாமல் அந்த அறிக்கையை இறுதி செய்யக் கூடாது என்பது தமிழ்நாட்டுக்கான விதியாக வேண்டும்.

இதைச் சொல்வது உறவுத் திருமணம் செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. மருத்துவமனைக்கு வந்து நிற்கும் தாயிடம் 'சொந்தத்தில் ஏன் கட்டினீர்கள்?' என்று கேட்பதால் எந்தக் குழந்தையும் பிழைத்ததில்லை. 'எந்த வகைச் சொந்தம்?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் பிழைக்கக்கூடும்.

செங்கத்தில் நடக்க வேண்டியது

மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று தூக்கி வரப்படும் கைக்குழந்தைகள் முதலில் சேரும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது செங்கம் அரசு மருத்துவமனை. சுமார் 35 கி.மீ. போனால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மஜ்ஜை மாற்று நடக்கும் வேலூர் சி.எம்.சி. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 1986-ல் அங்கே தொடங்கிய மஜ்ஜை மாற்றுத் திட்டம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. அந்த வகையில் செங்கத்துக் குழந்தை வடமாநிலக் குழந்தைகளைவிட அதிர்ஷ்டசாலி. ஆனால், வேலூரில் உள்ள ஆய்வகம் செங்கத்திலிருந்து வரும் குழந்தையைத்தான் படிக்க முடியும்; அந்தக் குழந்தை எந்த நாளில், எந்த நிலையில் வருகிறது என்பது அதன் கையில் இல்லை.

முதல் சான்று தாலுகா மருத்துவமனையிலேயே எடுக்கப்படும் சாதாரண ரத்த எண்ணிக்கையில் இருக்கிறது. மொத்த வெள்ளையணுக்களை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கினால் லிம்போசைட்டுகளின் முழு எண்ணிக்கை கிடைக்கும். கைக்குழந்தைக்கு அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,500-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மொத்தம் 7,000, லிம்போசைட் 20 சதவீதம் என்று ஓர் அறிக்கை வந்தால் கணக்கு 1,400. இது கைக்குழந்தைக்கு ஆபத்தான குறைவு. ஆனால், பல ஆய்வக அறிக்கைகளில் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு பெரியவர்களுடையது: 20 முதல் 40 சதவீதம். அந்த அளவுகோலில் இந்தக் குழந்தை 'நார்மல்'. கைக்குழந்தையின் வெள்ளையணுக்களில் வழக்கமாகப் பாதிக்கு மேல் லிம்போசைட்டுகளே இருக்கும் என்பதை அந்தக் காகிதம் சொல்வதில்லை. பல குழந்தைகளின் நோய் அறிக்கையில் அச்சாகியும் யார் கண்ணிலும் படாமல் போவது இப்படித்தான்.

இந்தக் கணக்கும் முழுக் காவல் அல்ல. தாயின் அணுக்கள் பெருகியிருந்தால் எண்ணிக்கை ஓரளவு இயல்பாகவே தோன்றும். அங்கேதான் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் உலரவைத்த ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யப்படும் 'ட்ரெக்' சோதனை உதவுகிறது. தைமஸ் சுரப்பியிலிருந்து புதிதாக வரும் டி-அணுக்களின் தடத்தை அது எண்ணுகிறது. குழந்தைக்குள் பெருகிய தாயின் அணுக்களில் அந்தத் தடம் அநேகமாக இருக்காது என்பதால் அது ஏமாறுவதில்லை. 2008-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, 2018 முடிவதற்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும் இது பரவியது. அதன் வழியாக, 58,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் தேசிய அளவில் இந்தச் சோதனை இன்னும் இல்லை.

இரண்டாவது, ரத்தம் ஏற்றுவது. நிமோனியாவோடும் சோகையோடும் வரும் குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவது நல்ல நோக்கத்தில் செய்யப்படும் சிகிச்சை. ஸ்கிட் குழந்தைக்கு அதுவே எமனாகலாம். ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் கொடையாளரின் லிம்போசைட்டுகள் குழந்தையின் உடலைத் தாக்கத் தொடங்கினால் பிழைப்பது அரிது. கதிர்வீச்சு செலுத்திய ரத்தம் மட்டுமே பாதுகாப்பானது. தாலுகா மருத்துவமனையில் அதற்கான வசதியை எதிர்பார்க்க முடியாது. உயிர் பிழைத்தாலும், குழந்தை, தாய், முகம் தெரியாத கொடையாளர் என்று மூவரின் டி.என்.ஏ. கலந்த மாதிரியே பொருத்தம் பார்க்கப் போகும். சந்தேகம் எழுந்தால், ரத்தம் ஏற்றும் முன்பு இரண்டு மில்லி ரத்தத்தை ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாலே போதும். செலவு சில ரூபாய். பிறகு வேலூருக்குப் போகும்போது அந்தக் குழாயும் கூடவே போக வேண்டும்.

மூன்றாவது, இறந்துபோன குழந்தை. மலையூர்களிலும் அடிவாரக் கிராமங்களிலும் 'முதல் பையன் ஆறு மாசத்துல சளியில போயிட்டான்' என்று சொல்லும் குடும்பங்களை எந்தக் கிராம சுகாதார செவிலியரும் அறிவார். அந்த வாக்கியம் மருத்துவப் பதிவில் ஏற வேண்டிய தகவல். காரணம் தெரியாமல் இறக்கும் கைக்குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்தால், அடுத்த கருவுக்கு முன்பே நோயை அறிந்து தயாராக இருக்கலாம். அடுத்த குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே பொருத்தம் பார்க்கத் தொடங்கலாம், பி.சி.ஜி., சொட்டு மருந்தாகத் தரும் போலியோ, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைச் சோதனை முடியும் வரை மருத்துவர் ஆலோசனையுடன் தள்ளிவைக்கலாம். குடும்பத்தில் இப்படி இறப்பு நடக்காத மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசிகள் உரிய நாளில் போடப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

பதிவேடுகளில் இல்லாத மக்கள்

உறவில் யாரும் பொருந்தாவிட்டால் பதிவேட்டுக்குப் போக வேண்டும். சென்னையில் 2009-ல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' உட்பட இந்தியப் பதிவேடுகள் வளர்ந்துவருகின்றன. ஆனால், 2014-ல் வெளியான ஓர் அமெரிக்கக் கணிப்பு நினைவில் கொள்ளத்தக்கது: அங்குள்ள பதிவேட்டில் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம் என்றால், தெற்காசியருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்குக் காரணம் எண்ணிக்கைக் குறைவு மட்டுமல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் தமிழகச் சமூகங்களின் எச்.எல்.ஏ. அமைப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்கள் அருகருகே வாழ்ந்தாலும் தனித்தனி மரபுத் தொகுதிகளைக் காத்துவருகின்றன என்பது அத்தகைய ஆய்வுகள் தந்த பாடம். ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடிக் குழந்தைக்குப் பொருத்தமானவர் சென்னைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருப்பதைவிட ஜமுனாமரத்தூரில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பதிவு முகாம்களோ பெரும்பாலும் நகரக் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் நடக்கின்றன. மலைக்கும் அவை ஏற வேண்டும். ஆனால், அந்தப் பழங்குடி மக்களின் மரபுத் தகவல்கள் அவர்களின் முழு ஒப்புதல் இல்லாமல் ஆராய்ச்சிப் பொருளாகிவிடக் கூடாது.

செலவும் நியாயமும்

லட்சத்தில் ஓரிரு குழந்தைகளுக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா என்ற கேள்வி எழும். செவிலியர் பற்றாக்குறையும் ரத்தசோகையும் தீராத ஒரு மாவட்டத்தில் அது நியாயமற்ற கேள்வி அல்ல. ஆனால், இங்கே கேட்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டிடமோ கருவியோ தேவையில்லை. வயதுக்கேற்ற இயல்பு அளவை அறிக்கையில் அச்சிடுவதற்கு மென்பொருளில் ஒரு மாற்றம் போதும். அது ஸ்கிட் மட்டுமல்ல, வேறு பல நோய்களையும் காட்டிக்கொடுக்கும். ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். செலவு பிடிப்பது ட்ரெக் சோதனைதான். அதையும் முதலில் சில மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். உறவுத் திருமணங்கள் அதிகமுள்ள மாநிலத்தில் அதன் பயன் அமெரிக்காவைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சிகிச்சைக்கான பணத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது. 2021-ன் தேசிய அரிய நோய்கள் கொள்கை, ஒருமுறை சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பிரிவில் ஸ்கிட்டைச் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அங்கீகரிக்கப்பட்ட உயர் மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இந்தத் திட்டங்களை வடிவமைத்தவர்களின் கண் மாற்று சிகிச்சையின் மேல் இருந்தது. அதற்கு முந்தைய தேடலின் மேல் அல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர், தேவைப்பட்டால் சித்தப்பா, மாமன் வரை சோதிப்பதற்கான செலவும், கலப்புச் சோதனையின் செலவும், அவர்கள் வந்துபோகும் பேருந்துக் கட்டணமும் சிகிச்சையின் பகுதியாகவே வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு சித்தப்பா வேலூர் போய்வர ஒரு நாள் கூலியை இழக்கிறார். அவர் வராமல் போனால், பொருத்தமான கொடையாளர் இல்லை என்று அறிக்கை எழுதப்படும். வரவில்லை என்று எழுதப்படாது.

மக்கள் நல்வாழ்வுத் துறை இப்போதே செய்யக்கூடியவை இவை: அரசு ஆய்வகங்கள் அனைத்திலும் கைக்குழந்தைகளுக்கான லிம்போசைட் அளவை அச்சிட உத்தரவிடுவது, சந்தேகத்துக்குரிய குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் முன்பு மாதிரி எடுத்துவைப்பதைக் கட்டாயமாக்குவது, பெற்றோரின் உறவுமுறையையும் வீட்டில் நடந்த குழந்தை இறப்புகளையும் பரிந்துரைக் கடிதத்தில் எழுதச் சொல்வது, திசுப் பொருத்த ஆய்வகங்கள் ஸ்கிட் குழந்தைகளின் அறிக்கையைக் கலப்புச் சோதனையோடு சேர்த்தே வழங்க விதி செய்வது, உறவுத் திருமணம் மிகுந்த சில மாவட்டங்களில் ட்ரெக் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்குவது. திருவண்ணாமலை மாவட்டம் அந்தப் பட்டியலில் முதலில் இருக்க எல்லாத் தகுதியும் கொண்டது.

திசுப் பொருத்தம் பார்க்கும் கருவி வேலூரில் இருக்கலாம். அந்தச் சோதனை சரியாக அமைவதற்கான முதல் வேலை செங்கத்தில் ஒரு செவிலியர் ரத்த அறிக்கையைக் கையில் எடுத்து, சதவீதத்தைப் பெருக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. அதற்கு அவருக்குப் பயிற்சியும் உத்தரவும் தர வேண்டியது அரசின் பொறுப்பு.